சிக்னல் மேல் பழி போடும் முன்: ஆர்சி விமானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்சி (ரேடியோ கண்ட்ரோல்) விமானம் விழுந்ததும் மைதானத்தில் முதலில் கேட்கும் வசனம், "இன்டர்ஃபியரன்ஸ்ப்பா, கண்ட்ரோலே போயிடுச்சு." பக்கத்தில் ஒரு செல்போன் டவர் இருந்துவிட்டால் விசாரணை அதோடு முடிந்தது. ஆனால் டவர் பெரும்பாலும் நிரபராதி. கோளாறு விமானத்துக்குள்ளேயே இருக்கும்.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸில் பறக்கவிட்ட காலத்தில் விமானங்களுக்கென்று இருந்தவை 50 சேனல்கள்தான். நீங்கள் பறக்கவிடும் சேனலிலேயே இன்னொருவர் தன் ரேடியோவை, அதாவது கையில் பிடிக்கும் கண்ட்ரோலரை, ஆன் செய்தால் உங்கள் விமானம் போச்சு. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் பெரும்பாலும் அலைவரிசையை நொடிக்குப் பலமுறை மாற்றிக்கொண்டே இருக்கும். விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரும் தன்னோடு பைண்ட் ஆன, அதாவது ஜோடி சேர்த்துவைத்த, ரேடியோவின் பேச்சை மட்டுமே கேட்கும். அடுத்தவர் ரேடியோவால் விமானம் விழுவது இப்போது அரிது.

முதலில் பார்க்க வேண்டியது ஆன்டெனாவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. அதில் கால் பங்கு 31 மி.மீ. ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய வயரின் நுனியில், வெளியுறை உரிந்து இன்னும் மெலிதாகத் தெரியும் அந்த 31 மி.மீ. துண்டுதான் உண்மையான ஆன்டெனா. மீதியெல்லாம் அதை ரிசீவரோடு இணைக்கும் கேபிள். அந்தத் துண்டைச் சுருட்டி பேட்டரிக்கு அடியில் திணிப்பதும், கார்பன் ஃபைபர் குழாயோடு சேர்த்து டேப் ஒட்டுவதும் அடிக்கடி பார்க்கிற காட்சி. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் சிக்னலை மறைக்கும். ஃபோமும் பால்சா மரமும் அப்படிச் செய்யாது. இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, எல் வடிவில் வையுங்கள். விமானம் எப்படிப் புரண்டாலும் ஒன்றாவது சிக்னலைப் பிடிக்கும்.

ரேடியோ பக்கமும் இதே கதைதான். குச்சி மாதிரியான ஆன்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டுவது நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நுனி நோக்கும் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு, பக்கவாட்டில்தான் அதிகம். ஆன்டெனாவை மடக்கி, அதன் பக்கவாட்டு விமானத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள்.

அடுத்தது மின்சாரம். "சிக்னல் போயிடுச்சு" என்று சொல்லப்படும் பல விபத்துகள் உண்மையில் ரிசீவருக்கு வோல்டேஜ் பத்தாமல் போனவை. நான்கைந்து டிஜிட்டல் சர்வோக்கள் (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டார்கள்) ஒரே நேரத்தில் முக்கி இழுத்தால், ஈஎஸ்சியில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) இருக்கும் சின்ன பிஇசி (பேட்டரி வோல்டேஜைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தரும் பகுதி) திணறும். வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தாலும் ரிசீவர் அணைந்து மறுபடி உயிர் பெறும். அதற்குள் விமானம் தரையில். லீனியர் பிஇசி என்றால் இன்னும் மோசம். 4 செல் பேட்டரியின் 16 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து 2 ஆம்பியர் கொடுக்க வேண்டுமானால், மீதி 11 வோல்ட்டும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். கணக்கு 22 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை ஃபோம் உடலுக்குள் அடைத்த மாதிரி. இவ்வளவு சூடாகாத சுவிட்சிங் வகை பிஇசியைத் தனியாக வாங்கிப் போடுங்கள், விமானத்தின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவே இல்லை. அப்புறம் ஒன்று: விழுந்த விமானத்தை எடுத்ததும் பதற்றத்தில் பேட்டரியைப் பிடுங்காதீர்கள். முதலில் புரொப்பெல்லரிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு ரிசீவரின் விளக்கைப் பாருங்கள். சில ரிசீவர்கள் இடையில் அணைந்து எழுந்திருந்தால் அதை மினுக்கிக் காட்டும்.

சிக்னல் தூரத்தில் எட்டுகிறதா என்று பார்க்கும் ரேஞ்ச் டெஸ்ட்டை மோட்டாரை ஓட்டாமல் செய்வது பாதி டெஸ்ட்தான். ரேடியோவை ரேஞ்ச் செக் மோடில் போட்டால் அதன் பவர் குறையும். அந்த நிலையில், கையேடு சொல்லும் தூரத்தில், பெரும்பாலும் 30 தப்படி, எல்லா சர்வோக்களும் நடுங்காமல் அசைய வேண்டும். ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொள்ள, த்ராட்டிலை ஏற்றி இதையே மறுபடி செய்யுங்கள். மோட்டாரும் ஈஎஸ்சியும் கிளப்பும் இரைச்சல் அப்போதுதான் தெரியும். பெட்ரோல் இன்ஜின் என்றால் ஸ்பார்க் பிளக்கே ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். இக்னிஷனையும் ரிசீவரையும் முடிந்தவரை தள்ளி வையுங்கள்.

வெளியிலிருந்து வரும் நிஜமான தொல்லையும் இல்லாமல் இல்லை, ஆனால் அதையும் நாமே ஏற்றி அனுப்புகிறோம். எஃப்பிவிக்காக (விமானத்தில் இருக்கும் கேமரா வழியே பார்த்து ஓட்டுவது) 1.2 கிகாஹெர்ட்ஸ் வீடியோ டிரான்ஸ்மிட்டர் வைத்தால், அதன் இரண்டாவது ஹார்மானிக், அதாவது இரட்டிப்பு அலைவரிசையில் கசியும் சிக்னல், நேராக 2.4-ல் வந்து விழும். 5.8-க்கு மாறுவது நிம்மதி. நீண்ட தூரத்துக்கு 900 மெகாஹெர்ட்ஸ் செட்டு வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 902 முதல் 928 வரையிலான பட்டை அமெரிக்கக் கண்டங்களுக்கானது. இந்தியாவில் அதன் ஒரு பகுதி செல்போன்கள் டவரோடு பேசும் அலைவரிசையில் விழுகிறது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற நீண்ட தூர ரேடியோ சிஸ்டத்தில் இந்தியாவுக்கென்றே 866 தேர்வு உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து சிக்னல் அறுந்தால்? அதற்குத்தான் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் ரிசீவர் தானாக என்ன செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லிவைக்கும் அமைப்பு. சில ரிசீவர்கள் கடைசியாகக் கிடைத்த கட்டளையையே பிடித்துக்கொள்ளும், முழு த்ராட்டிலில் அறுந்தால் முழு த்ராட்டிலிலேயே போகும். த்ராட்டில் பூஜ்யத்துக்கு வரும்படி அமையுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, ரேடியோவை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். மறுபடி பைண்ட் செய்தால் இந்தச் சோதனையையும் மறுபடி செய்யுங்கள், சில செட்டுகளில் பைண்ட் செய்யும்போது பழைய அமைப்பு அழிந்துவிடும்.