டெலி ஜூம் லென்ஸில் படம் மங்கலா? லென்ஸைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. குளிர்காலத்தில் இரண்டு பக்கமும் பூநாரைகள் மேயும். சென்னையிலிருந்து புறநகர் ரயிலிலேயே சூளூர்பேட்டை வந்துவிடலாம் என்பதால், தூரத்துப் பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் 70-300, 150-600 மிமீ டெலி ஜூம் லென்ஸைப் புதிதாக வாங்கியவர்கள் பலர் முதலில் தேடி வருவது எங்கள் ஊரைத்தான். வெயில் ஏற ஏறக் கேட்கும் புலம்பலும் ஒன்றேதான்: "லென்ஸ் சரியில்லண்ணா, எல்லாமே சாஃப்ட்டா வருது."

லென்ஸில் கோளாறு இருக்கலாம். ஆனால் சந்தேகப் பட்டியலில் அதைக் கடைசியில் வையுங்கள். மங்கலில் பல வகை உண்டு. எந்த வகை என்பதை எடுத்த படமே சொல்லிவிடும்.

படி 1: படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள்

கேமராவின் சின்னத் திரை போதாது, கணினியில் பாருங்கள். பறவை மங்கலாக இருந்து, அதன் முன்னால் இருக்கும் புல்லோ பின்னால் இருக்கும் சேறோ பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. உடல் சரியாக இருந்து சிறகு மட்டும் கலைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. விளிம்புகள் நெளிந்து, அடுத்தடுத்த படங்களில் நெளிவு வேறு வேறாக இருந்தால் கானல், அதாவது சூடான காற்றின் அலைவு. படம் முழுக்க வெளிறிப்போயிருந்தால் கண்ணாடியில் ஏதோ படிந்திருக்கிறது.

படி 2: ஷட்டர் வேகம்

கையில் பிடித்து எடுப்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸின் குவிய தூரம் (70-300 போன்ற எண்கள்) எத்தனை மிமீயோ, ஷட்டர் ஒரு விநாடியில் அத்தனையில் ஒரு பங்கு; 300 மிமீக்கு 1/300 விநாடி. ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் உள்ள கேமரா என்றால் 1.5ஆல் பெருக்குங்கள். 300 மிமீ என்பது 450 ஆகிறது, ஆகவே 1/500க்குக் கீழே போக வேண்டாம். பறக்கும் பறவைக்கு 1/1600, 1/2000 என்று தாராளமாக வையுங்கள். ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் சிறகை நிறுத்தாது. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600 வரை ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலை மென்பொருளில் ஓரளவு துடைக்கலாம், இழுபட்ட படத்தை மீட்பது கடினம்.

படி 3: ஃபோகஸ்

முதலில் லென்ஸின் பக்கவாட்டு ஸ்விட்சுகளைப் பாருங்கள். ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் ஃபோகஸ் லிமிட்டர் தூரப் பொருளுக்கு மட்டும் என்று வைக்கப்பட்டிருந்தால், பக்கத்தில் வந்து உட்காரும் மீன்கொத்தியை லென்ஸ் கண்டுகொள்ளாது. பையிலிருந்து எடுக்கும்போது இந்த ஸ்விட்ச் தானே நகர்வது சகஜம்.

அடுத்து, நடமாடும் பறவைக்குத் தொடர் ஃபோகஸ். நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனானில் சர்வோ. எந்தப் புள்ளியில் ஃபோகஸ் விழ வேண்டும் என்பதைக் கேமராவிடம் விடாமல், ஒரு புள்ளியையோ சிறு பகுதியையோ நீங்களே தேர்ந்தெடுத்துப் பறவையின் கண்ணில் வையுங்கள். பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 400 மிமீ, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 6.3, 10 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண்தான். நாணல் ஒன்று குறுக்கே வந்தால் போதும், கதை முடிந்தது. ஜூமை மாற்றியதும் மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள்; பல ஜூம்களில் குவிய தூரம் மாறும்போது ஃபோகஸும் நகரும்.

படி 4: கானல்

எங்கள் பக்கம் பெரும்பாலான படங்களைக் கெடுப்பது இதுதான். தார்ச்சாலை சூடாகிறது, காய்ந்த சேறு சூடாகிறது, மேலே எழும் வெப்பக்காற்று ஒளியை வளைக்கிறது. நூறு, இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் பூநாரையின் கால் நெளிந்த கம்பியாக வரும். ஆட்டோ ஃபோகஸும் அதில் தடுமாறும்.

சோதிப்பது சுலபம். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) தூரத்து மின்கம்பத்தைப் பெரிதாக்குங்கள். ட்ரைபாடில் கேமரா அசையாமல் இருந்தும் கம்பம் நெளிந்தால் காரணம் காற்று. இதற்கு எந்த விலை லென்ஸிலும் மருந்து இல்லை. 600 மிமீயில் அந்த நெளிவு 300ஐ விட இன்னும் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். சூரியன் ஏறும் முன் எடுங்கள், அல்லது மேகமூட்டமான நாளில் வாருங்கள். சாலைக்குக் குறுக்கே எதிர்ப்பக்கத்தை எடுக்காதீர்கள். சூடான கார் பானெட்டுக்கு மேலே லென்ஸை நீட்டாதீர்கள். ஏசி ஓடும் காரின் கண்ணாடியை இறக்கி எடுத்தால், குளிர்காற்றும் வெயிலும் கலக்கும் இடத்திலேயே ஒரு குட்டிக் கானல் உண்டாகும். வேறு வழியே இல்லையென்றால் தொடர்ச்சியாகப் பத்துப் படம் அடியுங்கள், ஒன்றாவது தேறும்.

வெயில் ஏறிவிட்டால் பக்கத்திலுள்ள நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடுங்கள் என்பேன். அங்கே நீர்க்கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. ஏரி அளவுக்குத் தூரத்தை நோக்கி எடுக்க வேண்டியதில்லை, கானலும் அந்த அளவுக்குத் தொல்லை தராது.

படி 5: வீட்டில் ஒரு சோதனை

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லையா? செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, எதிரே நேராக ட்ரைபாட் போடுங்கள். லென்ஸின் முன்னால் பாதுகாப்புக்காக மாட்டும் யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். மலிவான ஃபில்டர் டெலியில் நிறையவே கெடுக்கும். ஸ்டெபிலைசரை அணைத்து, 2 விநாடி டைமரில், ஐஎஸ்ஓ 100இல், முழுதாகத் திறந்த அப்பர்ச்சரில் ஒன்று, எஃப் 8இல் ஒன்று எடுங்கள்.

எஃப் 8இல் மட்டும் எழுத்து கூர்மையானால் அது அந்த ஜூமின் குணம். முடிந்தவரை எஃப் 8இல் எடுங்கள்; ஜூமின் உச்சத்தில் வரும் கடைசி மிமீகளையும் தவிர்த்துக் கொஞ்சம் உள்ளே எடுத்துப் பழகுங்கள். டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூவில் எடுத்த படம் கூர்மை, வியூஃபைண்டர் வழியே எடுத்த படம் மங்கல் என்றால் ஃபோகஸ் திருத்தம் தேவை. உங்கள் கேமராவில் ஏஎஃப் ஃபைன் டியூன் வசதி இருந்தால் நீங்களே செய்யலாம். ஒரு பக்க ஓரம் மட்டும் எப்போதும் மங்கினால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கலாம்.

கடைசியாக, டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். கடலோர ஈரத்தில் பூஞ்சை சிலந்தி இழை மாதிரி படரும். அதை நீங்களே கழற்றித் துடைக்க முயல வேண்டாம். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது சோதனைப் படங்களை எடிட் செய்யாமல் பென்டிரைவில் கொண்டுபோங்கள். "சாஃப்ட்டா வருது" என்று வாயால் சொன்னால் "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.