ராயபுரத்தில் ஒரு மேடை, யாழ்ப்பாணத்தில் ஒரு மேடை: இணையம் வழியாகக் கூட்டு நாடகம் போடுவது எப்படி

இரண்டு ஊரில் இரண்டு மேடை, இரண்டு பக்கமும் நேரில் பார்வையாளர்கள், ஆனால் ஒரே நாடகம். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஆனால் வசனம் எழுதும் முன்பே சில வேலைகளை முடித்துவிட வேண்டும். உதாரணத்துக்கு வடசென்னை ராயபுரத்தில் ஒரு சமூகக் கூடத்தையும் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் மாலை 6.30 என்றால் அங்கேயும் 6.30. டொராண்டோவோடு போடுகிறவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது.

முதலில் தாமதத்தை அளங்கள்

கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இங்கே பேசுவது அங்கே கேட்க எவ்வளவு நேரம் ஆகிறது? அதுதான் உங்கள் நாடகத்தின் இலக்கணம். நேர்கோட்டில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சுமார் 380 கிலோமீட்டர்தான். ஆனால் தகவல் நேர்கோட்டில் போவதில்லை. கம்பி எந்த ஊரைச் சுற்றிப் போகிறதோ அந்த ஊரையெல்லாம் சுற்றித்தான் போகும். அதனால் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் அளந்து பாருங்கள்.

அளப்பது எளிது. யாழ்ப்பாணத்தில் ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக்கை வைக்கச் சொல்லுங்கள். எக்கோ கேன்சலேஷனை (எதிரொலியைத் தானாக நீக்கும் வசதி) இரு பக்கமும் அணைத்துவிட்டு, இங்கே ஒரு முறை கை தட்டுங்கள். அது அங்கே ஒலித்து, அந்த மைக் வழியாக இங்கே திரும்பி வரும். இரண்டு ஓசையையும் ஒரு போனில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து இடைவெளியைப் பார்த்தால் போக வர ஆகும் மொத்த நேரம் தெரியும். அதில் சுமார் பாதிதான் ஒரு வழித் தாமதம். படத்துக்குத் தனியாக அளங்கள். பிரவுசர் வழி வீடியோ, கேமரா படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு, புரொஜெக்டர் எல்லாம் தங்கள் பங்கைச் சேர்ப்பதால், ஒரு வழிக்கே 200 முதல் 400 மில்லிசெகண்ட் வரை போகலாம். புரொஜெக்டரில் கேம் மோட் இருந்தால் போடுங்கள், கொஞ்சம் குறையும்.

தாமதத்துக்கு ஏற்ற கதை

நிமிடத்துக்கு 100 தட்டு போகிற கானாவில் ஒரு தட்டுக்கு 600 மில்லிசெகண்ட். தாமதம் 300 என்றால் அங்கே தட்டுவது இங்கே சரியாகப் பாதித் தாளத்தில் விழும். ஒருவருக்காக ஒருவர் காத்துக் காத்து வேகம் குறைந்துகொண்டே போய், கடைசியில் பாட்டு படுத்துவிடும். இரு ஊரும் சேர்ந்து பாட ஒரு வழித் தாமதம் சுமார் 30 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். பொதுமக்கள் வாங்குகிற இணைப்பில் அதை நம்பி மேடை ஏறாதீர்கள்.

ஆகவே சேர்ந்திசை வேண்டாம். ஒரு பக்கம் அடிக்கட்டும், மறுபக்கம் கேட்டு ஆடட்டும். ராயபுரத்தில் சட்டி மேளம் அடித்தால் யாழ்ப்பாணத்து ஆட்டம் அந்த ஊர்ப் பார்வையாளருக்குக் கச்சிதமாக இருக்கும், நமக்குத்தான் பிந்தித் தெரியும். அடுத்த காட்சியில் திசையை மாற்றிவிடுங்கள், இரு ஊரும் சமமாகிவிடும்.

வசனத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. ஒரு வழிக்கு 150 மில்லிசெகண்ட் வரை பேச்சு இயல்பாகவே இருக்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரு வெற்றிடம் விழுந்து, நடிகருக்கு வசனம் மறந்துவிட்டதுபோல் தோன்றும். அந்த இடத்தில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். காசிமேட்டு மீனவராக நடிப்பவர் வலை பின்னுகிறார் என்று வையுங்கள்: கேள்வி கேட்டதும் ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, இழுத்து, முடிச்சை இறுக்குகிறார். அதற்குள் பதில் வந்து சேர்ந்துவிடும். ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டிப் பேசும் வசனங்களை மட்டும் எழுதவே எழுதாதீர்கள்.

ஒலி: பாதி உழைப்பு இங்கேதான்

படம் மங்கலாக இருந்தாலும் சனம் பொறுத்துக்கொள்ளும். குரல் எதிரொலித்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடும். எதிரொலி வரக் காரணம் ஒன்றுதான்: அங்கிருந்து வந்த குரலையே நாம் திருப்பி அனுப்புகிறோம்.

ஆக்ஸ் குமிழ் (ஒவ்வொரு சேனலிலிருந்தும் தனி வெளியீட்டுக்கு எவ்வளவு ஒலி போக வேண்டும் என்று வைப்பது) உள்ள 8 சேனல் மிக்சர் ஒன்று போதும், மைக் செட்காரரிடமே வாடகைக்குக் கிடைக்கும். 1 முதல் 3 வரை நடிகர் மைக், 4 பார்வையாளர் பக்கம் திருப்பிய மைக், 5-6 லேப்டாப்பில் இருந்து வரும் யாழ்ப்பாணக் குரல். மெயின் அவுட் கூடத்து ஸ்பீக்கருக்கு, ஆக்ஸ் அவுட் லேப்டாப்புக்கு. இப்போது 1 முதல் 4 வரை ஆக்ஸை ஏற்றுங்கள், 5-6இல் பூஜ்யத்திலேயே விடுங்கள். அவர்கள் குரல் அவர்களுக்குத் திரும்பாது. இரு பக்கமும் இதையே செய்ய வேண்டும். இங்கே எதிரொலி கேட்டால் தவறு அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

மிச்சம், ஸ்பீக்கர் ஓசை காற்று வழியாக மைக்குக்குள் போவது. மேடையில் நிற்கும் மைக்கைத் தவிர்த்து, வாயோரம் நிற்கும் ஹெட்செட் மைக் கொடுங்கள். ஸ்பீக்கர்கள் நடிகருக்கு முன்னால், பார்வையாளரைப் பார்த்து இருக்கட்டும்.

ஒலிக்கு சோனோபஸ் மாதிரித் தனி மென்பொருள், படத்துக்கு பிரவுசர் என்று பிரித்துவிடுவது நல்லது. குரல் படத்தை முந்தி வந்தால் அதைக் கொஞ்சம் நிறுத்தி அனுப்பி உதட்டோடு ஒட்டவையுங்கள். வீடியோ கால் செயலியிலேயே ஒலியும் போகிறது என்றால் நாய்ஸ் சப்ரஷன் (இரைச்சலைத் தானாக நீக்குவது), ஆட்டோ கெயின் (ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்குவது) இரண்டையும் கட்டாயம் அணையுங்கள். பறையடியை இரைச்சல் என்று நினைத்து அது விழுங்கிவிடும்.

‘ஊங்’ என்று ஓசை வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் பிரச்சினை. லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் இடையில் ஒரு டிஐ பாக்ஸ் (எர்த் தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் சிறு பெட்டி) போட்டால் சரியாகும்.

திரையும் கேமராவும்

புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது. ராயபுரத்தில் திரை பார்வையாளருக்கு இடப்பக்கம் என்றால், யாழ்ப்பாணத்தில் வலப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டு ஊரிலும் இடப்பக்கமே வைத்தால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள், ஒருவர் முதுகோடு மற்றவர் பேசுவது போலாகிவிடும்.

கேமரா பார்வையாளர் பக்கத்தில், நடிகரின் மார்பு உயரத்தில். திரை அதன் சட்டத்துக்குள் விழக் கூடாது, விழுந்தால் படத்துக்குள் படம் முடிவில்லாமல் ஓடும். ஐந்தரை அடி நடிகர் படத்தின் உயரத்தில் ஐந்தில் நாலு பங்கு வந்தால், 7 அடி உயரம், 12 அடி அகலத் திரையில் ஆளுயரத்துக்கே தெரிவார். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டையும் மேனுவலில் பூட்டுங்கள். இரு நாட்டிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் விளக்கு துடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும். விளக்கு வெளிச்சம் திரையில் சிந்தாமல் பக்கவாட்டில் இருந்து அடியுங்கள்.

லைன், கரண்ட், தேதி

720 பிக்சல் படத்துக்கு 3 எம்பிபிஎஸ் போதும், ஆனால் அப்லோடு நிலையாக 20 இருந்தால்தான் நிம்மதி. வைஃபை வேண்டாம், ரௌட்டரில் இருந்து லேன் கேபிள் இழுங்கள். பார்வையாளருக்குப் பாஸ்வேர்டு தராதீர்கள். மாற்று லைனுக்கு இன்னொரு ஃபைபர் வாங்கிப் பயனில்லை, வடசென்னையில் இரண்டு கம்பெனி கேபிளும் பெரும்பாலும் ஒரே கம்பத்தில்தான் தொங்கும். கன்டெய்னர் லாரி ஒன்று உரசினால் இரண்டும் போச்சு. சிம் போட்ட ரௌட்டரே நல்ல மாற்று.

ரௌட்டருக்கு மினி யூபிஎஸ் போடுங்கள். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் புரொஜெக்டர் சில நிமிடம்தான் நிற்கும், எனவே படமில்லாமல் குரலோடு மட்டும் தொடரவும் ஒத்திகை பாருங்கள்.

ஆடி மாதத்து ஞாயிறுகளில் தேதி வைக்காதீர்கள், தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றி ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரு கரையிலும் மழை. பிப்ரவரி, மார்ச் உகந்தது. 1856இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் கூடம் என்றால் ரயில் ஹாரனையும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அறுந்தால்

இரு பக்க மேடை நிர்வாகிகளும் தனி மொபைல் டேட்டாவில் ஒரு வாட்ஸாப் கால் தொடர்பிலேயே இருக்க வேண்டும். லைன் போனால் அந்தந்தப் பக்க நிர்வாகிதான் கை காட்டுவார், நடிகர்கள் முன்பே பழகிய இரண்டு நிமிடத் தனிப்பாட்டுக்குப் போவார்கள். அதற்குள் திரும்பாவிட்டால் மாற்று லைன். விட்ட வசனத்திலிருந்து தொடங்காமல் அடுத்த காட்சியின் தலையிலிருந்து தொடங்குங்கள், யார் எதுவரை கேட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நாடகம் முடிந்ததும் லைனை வெட்டாமல் 10 நிமிடம் இரு ஊர்ப் பார்வையாளரையும் பேச விடுங்கள். அப்போது 4ஆம் சேனலை இறக்கிவிட்டு, பக்கத்துக்கு ஒரே ஒரு கை மைக்.