பவர் ஸ்டீயரிங் பம்பை வீட்டில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஹோண்டா சிட்டி, டொயோட்டா குவாலிஸ் போன்ற கார்களில் இன்ஜின் பெல்ட்டால் சுழன்று ஆயிலை அழுத்தித் தள்ளும் ஹைட்ராலிக் பம்ப்தான் ஸ்டீயரிங்கை இலகுவாக்குகிறது. அத்தகைய காரில் வண்டியைத் திருப்பும்போது முனகல் கேட்டதுமே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு; பணத்தை அதிகம் விழுங்குவதும் அதுவே. முனகலுக்குப் பெரும்பாலும் காரணம் ஆயில் குறைவு அல்லது ஆயிலில் கலந்த காற்று. ஆயில் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸில் அழுத்தம் இல்லை. அங்கே பம்ப் ஆயிலை உறிஞ்சுகிறது. ஆகவே அந்த இணைப்பை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து சுருங்கினால், தரையில் ஒரு சொட்டும் விழாமலேயே காற்று உள்ளே போய்விடும். என் காரில் நான் கழற்றிய ஓ-ரிங்கின் விளிம்பு உருண்டை வடிவம் இழந்து தட்டையாகியிருந்தது. விரல்களுக்கிடையே வளைத்தபோது ரப்பர்போல் வளையாமல் இரண்டாக முறிந்தது. சில ரூபாய்ப் பொருள் அது. டேங்க் மூடியைத் திறந்து, வேறொருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்து நுரைத்தால், பம்ப் வாங்கும் முன் ஓ-ரிங்கையும் ஹோஸ் கிளிப்பையும் மாற்றிப் பார்ப்பதே முறை.

பம்ப் தேய்ந்ததுதான் என்று உறுதியானபின் செய்யும் பெரிய தவறு, பழைய ஆயிலை உள்ளேயே விட்டுவிட்டுப் புதிய பம்பைப் பொருத்துவது. பம்புக்குள் சுழலும் மெல்லிய தகடுகள் வளையத்தின் உட்சுவரை உரசிக்கொண்டே ஓடுகின்றன. இடையில் காப்பது ஆயில் படலம் மட்டுமே. தேய்ந்த பம்பிலிருந்து உதிர்ந்த உலோகத் தூள், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக், ஹோஸ்கள், டேங்க் எல்லாவற்றிலும் பரவியிருக்கும். பழைய ஆயிலைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பொடிபோல் மின்னுவது தெரியும். அதே தூள் புதிய பம்பையும் அரிக்கும். டேங்கின் அடியில் இருக்கும் வலை அழுக்கால் அடைபட்டிருந்தால் புதிய பம்புக்கு ஆயிலே போதாமல் மறுபடியும் முனகல் தொடங்கும். எனவே டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். வலை தெளியாவிட்டால் டேங்கையே மாற்றுங்கள். புதிய பம்பைப் பொருத்தியதும் டேங்குக்குத் திரும்பும் ஹோஸை எடுத்து ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டேங்கில் அந்த ஹோஸ் இருந்த வாயை அடைத்துவிடுங்கள். முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை இயக்காமல் ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பத் திருப்ப, மேலே புதிய ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தால் பழையது வெளியேறும். தெளிவான ஆயில் வரும்வரை தொடர வேண்டும் என்பதால் இரண்டு லிட்டர் கையில் இருப்பது நல்லது.

எந்த ஆயில் என்பதில் கடைக்காரர் சொல்வதைவிட டேங்க் மூடியிலும் கார் கையேட்டிலும் எழுதியிருப்பதையே நம்புங்கள். குவாலிஸ் காலத்து டொயோட்டாவுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). ஹோண்டாவுக்கோ அந்நிறுவனமே குறிப்பிடும் ஸ்டீயரிங் ஆயில்தான், ஏடிஎஃப் ஊற்றினால் சீல்கள் கெடும். பிரேக் ஆயிலை எந்தக் காரிலும் இங்கே ஊற்றக் கூடாது.

காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் கையோ தலையோ நுழைக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

பம்பில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவதும் ஏற்றுவதும் பலர் செய்வது. அந்த அடி தண்டு வழியாகப் பம்பின் உட்பாகங்களில் இறங்கி, ஓடுவதற்கு முன்பே அதைக் கெடுத்துவிடும். இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்ட புல்லிக்கு, அதை இழுத்துக் கழற்றும் புல்லரும், ஏற்றுவதற்குத் தனிக் கருவியும் வேண்டும். இரண்டையும் வாடகைக்கோ இரவலாகவோ வாங்கலாம். நட்டு போட்ட புல்லியானால் பெல்ட்டைக் கழற்றும் முன்பே நட்டைத் தளர்த்துங்கள். பெல்ட் புல்லியைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

பம்பிலிருந்து ரேக்குக்கு ஆயிலைக் கொண்டுபோகும் அழுத்தக் குழாயின் இணைப்பில் பழைய செப்பு வாஷரையோ ஓ-ரிங்கையோ மறுபடி போடாதீர்கள். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பும்போது அந்தக் குழாயில் எழும் அழுத்தம் டயர் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு. அங்கிருந்து பீறிடும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கலாம்.

கடைசித் தவறு, எல்லாவற்றையும் பூட்டியதும் ஆர்வத்தில் இன்ஜினை ஸ்டார்ட் செய்வது. ஆயில் வந்து சேராத பம்ப் அந்தச் சில நொடிகளிலேயே உலர்ந்து உரசுகிறது. பம்பைப் பொருத்தும் முன் அதன் உறிஞ்சும் வாயில் ஆயில் ஊற்றிப் புல்லியைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். பூட்டி, ஆயிலை மாற்றி, ஹோஸைத் திரும்ப மாட்டியபின், இன்ஜின் ஓடாமலேயே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகப் பதினைந்து, இருபது முறை திருப்பி, டேங்கில் குமிழி வருவது நிற்கும்வரை ஆயிலைச் சரிசெய்யுங்கள். அதன்பிறகே ஸ்டார்ட் செய்து, சக்கரங்களை இறக்காமல் மீண்டும் மெதுவாகத் திருப்புங்கள்; கடைக்கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைத்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகிப் பம்ப் கெடலாம். நுரை கண்டால் இன்ஜினை நிறுத்தி, அது அடங்கும்வரை ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டியபின், காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் ஒட்டினால் அந்த இணைப்பை அன்றைக்கே சரிசெய்யுங்கள்.