கிரெடிட் கார்டு தாமதக் கட்டணத்தைத் திரும்பப் பெறும் வழி

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் தாமதக் கட்டணம் என்று ஒரு வரியும், அதற்குக் கீழே 18 சதவீத ஜிஎஸ்டி என்று இன்னொரு வரியும் வந்து நின்றால், பெரும்பாலோர் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறார்கள். சிலர் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டு, இந்த ஒரு தடவை பார்த்துச் செய்யுங்கள் என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் சில சமயம் பணம் திரும்பிவிடும். ஆனால் அது சலுகைக் கணக்கில் எழுதப்படும். அந்தக் கட்டணம் விதிகளுக்கு மாறாகப் போடப்பட்டதாக இருந்தால் சலுகை கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தவறாக எடுத்த பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கேட்கலாம். ஆகவே, போடப்பட்ட கட்டணம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இதற்கான அளவுகோல் இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு வழிகாட்டு நெறிகளில் வகுக்கப்பட்டது. கெடு தேதி கடந்து மூன்று நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் மட்டுமே தாமதக் கட்டணம் போடலாம் என்பது அதில் உள்ள முக்கியமான விதி. கெடு 5-ஆம் தேதி என்றால், 8-ஆம் தேதிக்குள் பணம் வந்து சேர்ந்த கணக்கில் தாமதக் கட்டணத்துக்கு இடமில்லை. 9-ஆம் தேதி வந்தால் கட்டணம் உண்டு. அப்போது நாட்களை 5-ஆம் தேதியிலிருந்தே எண்ணுவார்கள். இந்த மூன்று நாள் அவகாசம், தாமதக் கட்டணத்துக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பும் தகவலுக்கும்தான் பொருந்தும், வட்டிக்குப் பொருந்தாது என்பதை மறந்துவிட வேண்டாம். கெடு தேதிக்குள் முழுத் தொகையும் போகாவிட்டால், வட்டியில்லாக் காலம் என்ற வசதி பறிபோய், பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு விதியும் உண்டு. தாமதக் கட்டணத்தைக் கெடு தேதிக்குப் பிறகு மிஞ்சி நிற்கும் பாக்கியின் மீதுதான் கணக்கிட வேண்டும். ஸ்டேட்மென்டில் இருந்த மொத்தத் தொகையின் மீது கணக்கிடக் கூடாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். மொத்தத் தொகை 10,400 ரூபாய், கெடுவுக்குள் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை 520 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் 500 ரூபாய் கட்டிவிட்டீர்கள். 20 ரூபாய் குறைந்ததால் தாமதக் கட்டணம் விழுகிறது. உங்கள் கார்டு நிறுவனத்தின் கட்டணப் பட்டியலில் 10,000 ரூபாய் வரை 750, அதற்கு மேல் 950 என்று இருந்தால், பாக்கி 9,900 என்பதால் 750 ரூபாய்தான் போட வேண்டும். 950 போட்டிருந்தால், அதிகப்படியான 200 ரூபாயும் அதற்குரிய 36 ரூபாய் ஜிஎஸ்டியும் உங்களுக்குச் சேர வேண்டியவை. தொகை சிறியதுதான். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர் மழுப்ப முடியாது.

கேள்வி எழுப்பத்தக்க சூழல்கள் வேறு சிலவும் உண்டு. வட்டி ஓடத் தொடங்குமுன் பணம் கட்டக் குறைந்தது இரண்டு வாரமாவது கிடைக்கும்படி ஸ்டேட்மென்ட் வந்திருக்க வேண்டும். கட்டணத்தை உயர்த்துவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னதாக அறிவித்திருக்க வேண்டும். கார்டு வாங்கியபோது தெரிவிக்காத கட்டணம் எதையும் போடக் கூடாது. மோசடிப் பரிவர்த்தனை என்று நீங்கள் புகார் செய்த தொகையின் மீது, அந்தப் புகார் முடியும்வரை கட்டணம் ஏறக் கூடாது. கட்டாமல் விட்ட கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கும் வட்டி போடுவதும் கூடாது.

இவற்றில் எதுவும் பொருந்தாமல், நீங்களே மறந்து பத்து நாள் கழித்துக் கட்டியிருந்தால், உரிமை பேசிப் பயனில்லை. அப்போது பல வருடம் ஒழுங்காகக் கட்டியதைச் சொல்லிச் சலுகையாகவே கேளுங்கள். வட்டி விகிதம் அதிகம் என்ற வாதமும் இங்கே எடுபடாது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது.

இனி ஆதாரம். எனக்கு நேர்ந்ததையே சொல்லலாம். கெடு முடிந்த இரண்டாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு செயலி வழியாக முழுத் தொகையையும் செலுத்தினேன். செயலியில் பச்சை நிறத்தில் வெற்றி என்று வந்தது. கார்டு கணக்கில் வரவு வைக்கப்பட்டது செவ்வாய்க்கிழமை. தொலைபேசியில் பேசிய பெண், எங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான் சார் வந்தது என்பதையே நான்கு முறை சொன்னார். அவர் திரையில் தெரிந்தது அவ்வளவுதான், அவர்மேல் குற்றமில்லை. விஷயத்தை என் பக்கம் திருப்பியது, என் வங்கிக் கணக்கு அறிக்கையில் இருந்த யுடிஆர் எண், அதாவது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தரப்படும் தனி அடையாள எண். பணம் என் கணக்கை விட்டுப் போன தேதியும் நேரமும் அதில் இருந்தன. வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் முதல் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகிறது. ஆதலால் விடுமுறை என்று சொல்லி இரண்டு நாளை விழுங்குவது எளிதல்ல. ஆகவே சம்பந்தப்பட்ட ஸ்டேட்மென்ட், அதற்கு அடுத்த ஸ்டேட்மென்ட், யுடிஆர் எண் தெரியும் வங்கிக் கணக்கு அறிக்கை, கட்டணப் பட்டியல் ஆகிய நான்கையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டணப் பட்டியல் நிறுவனத்தின் இணையதளத்தில், முக்கிய நிபந்தனைகள் என்ற ஆவணத்தில் இருக்கும்.

புகார் நடக்கும்போது அந்தத் தொகையைக் கட்டாமல் வைத்திருக்கலாமா என்று கேட்பார்கள். கட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. கட்டாமல் விட்டால் அடுத்த மாதக் கணக்கில் புதிய பாக்கி முளைத்து, எது எந்தச் சண்டை என்றே தெரியாமல் போய்விடும். ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிட்டு, முழுத் தொகையையும் கட்டுங்கள்.

புகாரைத் தொலைபேசியில் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. மின்னஞ்சலிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ எழுத்தாகப் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். கோபமும் வரலாறும் வேண்டாம். இந்த அளவு போதும்:

“என் கார்டின் (கடைசி நான்கு எண்கள்) மார்ச் மாத ஸ்டேட்மென்டின் கெடு தேதி 5. முழுத் தொகையும் 7-ஆம் தேதி செலுத்தப்பட்டது. யுடிஆர் எண்ணும் வங்கிக் கணக்கு அறிக்கையும் இணைக்கப்பட்டுள்ளன. கெடு கடந்து மூன்று நாட்களுக்கு மேல் பாக்கி நிற்காத கணக்கில் தாமதக் கட்டணம் போடுவது, ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு வழிகாட்டு நெறிகளுக்கு முரணானது. ஆகவே தாமதக் கட்டணம் 750 ரூபாயையும் ஜிஎஸ்டி 135 ரூபாயையும் திரும்ப வரவு வைக்கவும். கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தாமதம் என்று தெரிவித்திருந்தால் அதையும் திருத்தவும். இதைச் சலுகையாக அல்லாமல், தவறான கட்டணத்தின் திருத்தமாகப் பதிவு செய்யக் கோருகிறேன்.”

பில்லை மறுத்து எழுதும் வாடிக்கையாளருக்கு 30 நாட்களுக்குள் விளக்கமும், தேவையான இடத்தில் ஆவண ஆதாரமும் தர வேண்டும் என்பது விதி. முதல் பதில் பெரும்பாலும் அச்சடித்த மாதிரி வரும். உங்கள் தேதிகளைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்காது. சோர்ந்துவிடாமல், அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும், பிறகு அவருக்கு மேலே புகார்களைக் கவனிக்கும் முதன்மை நோடல் அதிகாரிக்கும் அனுப்புங்கள். அவர்களுடைய முகவரிகள் இணையதளத்தில் இருக்கும். இடையில் ரிவார்டு பாயின்ட் தருகிறோம், புகாரை முடித்துக்கொள்ளுங்கள் என்று அழைப்பு வரலாம். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் ஒப்புக்கொண்ட கையோடு புகார் முடிக்கப்பட்டுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

30 நாள் கடந்தும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தால், எந்த ஊர் அலுவலகத்துக்கு எழுதுவது என்ற குழப்பம் நீங்கிவிட்டது. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் புகார் செய்யாமல் நேராக இங்கே வந்தால் தள்ளுபடி ஆகிவிடும். தொலைபேசியோடு நிற்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம். பதில் வந்த பிறகு நாளைக் கடத்தாமல் பதிவு செய்துவிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் ஒரு வழிதான். அங்கே இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தை ஆம்பட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். 885 ரூபாய்க்கு வாய்தா வாய்தாவாக அலைவதைவிட ஆம்பட்ஸ்மேனே மேல்.

பணம் திரும்பியதும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கட்டணம் மட்டும் வரவாகி ஜிஎஸ்டி அப்படியே நிற்கிறதா என்று அடுத்த ஸ்டேட்மென்டில் பார்த்து, நின்றால் அதே புகார் எண்ணில் மீண்டும் எழுதுங்கள். அடுத்து, ஓரிரு மாதம் கழித்து உங்கள் சிபில் அறிக்கையை இலவசமாக எடுத்து, அந்த மாதத்துக்கு நேரே தாமத நாட்கள் என்று ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு தவறாக இருந்து, திருத்தக் கோரி 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ஏற்பாடு 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருப்பவர்கள் 750 ரூபாயைவிட இந்தப் பதிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.