கடலோர விடுதிக்குக் கார்பன் கணக்கு: கணக்கிடுவதும் குறைப்பதும்

இராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை வட்டாரத்தில் தங்கும் விடுதியோ ஜவுளிக்கடையோ திருமண மண்டபமோ நடத்துபவர்கள், தங்கள் கட்டடம் ஓராண்டில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடுக்குக் காரணமாகிறது என்பதைத் தாங்களே கணக்கிட்டுவிட முடியும். இராமேஸ்வரத்தில் உறவினர் ஒருவரின் விடுதிக்கு நான் கணக்கிட்ட முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

முதலில் மின்கட்டணப் பட்டியல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால் ஓராண்டுக்கு ஆறு பட்டியல்கள் இருக்கும். கீழ்த்தளக் கடைக்கும் மேல்தள அறைகளுக்கும் தனித்தனி இணைப்புகள் இருந்தால் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் கூட்டி, அதை 0.7 ஆல் பெருக்குங்கள். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் தேசிய சராசரி, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடை ஒட்டியே இருந்துவருகிறது. ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசலை லிட்டருக்கு 2.68 கிலோ என்றும், சமையல் எரிவாயுவை கிலோவுக்கு ஏறத்தாழ 3 கிலோ என்றும் கொள்ளலாம். அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்கு 57 கிலோ. இணையத்தில் கிடைக்கும் ஆயத்தக் கணிப்பான்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றுள் பல வேறு நாடுகளின் மின்சார எண்ணை வைத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. நான்கு வரிகள் கொண்ட ஒரு எக்செல் தாளே போதுமானது.

அடுத்த படிதான் எனக்கு மிகுந்த நேரம் பிடித்தது. ஏசியிலிருந்து கசிந்துபோகும் குளிரூட்டும் கேஸ் எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராது. நம் கடற்கரையில் அது சிறிய கணக்கும் அன்று. வாடைக் காலத்தில் வடகடலிலிருந்தும், காற்று மாறியபின் தென்கடலிலிருந்தும் உப்புக்காற்று வீசும் தீவில், வெளியே மாட்டிய யூனிட்டின் அலுமினியத் தகடுகள் சில ஆண்டுகளிலேயே பொடிந்து உதிர்கின்றன. குழாய் இணைப்புகளும் அரிக்கப்பட்டுக் கேஸ் மெல்ல வெளியேறுகிறது. குளிர்ச்சி குறைந்ததும் மெக்கானிக்கை அழைத்துக் கேஸ் நிரப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 என்ற கேஸ், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப் போல 1,810 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. மற்ற ஏசி கேஸ்களான ஆர்-410ஏ 2,088 மடங்கு, ஆர்-32 675 மடங்கு. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலப்பது, ஏறக்குறைய 2,600 யூனிட் மின்சாரத்தைச் செலவிடுவதற்குச் சமம்.

ஆகவே ஓராண்டில் எந்த அறைக்கு, எந்தக் கேஸ், எத்தனை கிலோ நிரப்பப்பட்டது என்று எழுதிவையுங்கள். பழைய ரசீதுகளில் ‘கேஸ் சார்ஜிங்’ என்று மட்டுமே இருக்கும். அப்படியானால் ஏசியின் வெளியூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள தகட்டில் கேஸின் பெயரும் முழு அளவும் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து, முழுமையாக நிரப்பியதாகக் கொள்ளலாம். இது சற்றுக் கூடுதலான மதிப்பீடாகவே அமையும். இனிமேல் நிரப்பும்போது, முன்னும் பின்னும் சிலிண்டரை எடைபோடச் சொல்லுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டுக்கு 60,000 யூனிட், 500 லிட்டர் டீசல், 40 வணிக சிலிண்டர், 3 கிலோ ஆர்-22 என்றால், முறையே 42,000, 1,340, 2,280, 5,430 கிலோ, மொத்தம் சுமார் 51 டன். டீசலையும் சமையல் எரிவாயுவையும் கூட்டினாலும் ஏசி கேஸ் கசிவின் அளவுக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆர்-22 ஓசோன் படலத்தையும் சிதைப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் வருகிறது. முறையான அறிக்கைகளில் அதைத் தனி வரியில் காட்டுவார்கள்.

மொத்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு ஆண்டுகளை ஒப்பிட வேண்டாம். ஆடி, தை அமாவாசைகளில் அறைகள் நிரம்பி வழியும். மற்ற நாள்களில் பாதி காலியாக இருக்கலாம். பதிவேட்டைப் பார்த்து, ஆள் தங்கிய அறை-இரவுகளின் (ஓர் அறையில் ஓர் இரவு தங்கினால் ஒன்று) எண்ணிக்கையால் வகுத்தால்தான் நாம் குறைத்தோமா, கூட்டம் குறைந்ததா என்பது விளங்கும்.

குறைப்பதைக் கசிவிலிருந்தே தொடங்குங்கள். நைட்ரஜன் அழுத்தமேற்றிச் சோப்புநீர் தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் நிரப்ப அனுமதிக்காதீர்கள். கழற்றும் ஏசியின் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல், மீட்புக் கருவியால் சிலிண்டரில் பிடித்துத் தரும் மெக்கானிக்கையே அமர்த்துங்கள். ஆர்-22 இயந்திரத்தில் ஆர்-32 நிரப்பவே கூடாது. அது தீப்பற்றக்கூடியது, அழுத்தமும் அதிகம். புதிதாக வாங்கும்போது, நட்சத்திரக் குறியீட்டோடு, செம்புக் குழாயும் அரிப்புத் தடுப்புப் பூச்சும் உள்ள வெளியூனிட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். அதைக் கடலுக்கு மறைவான சுவரில் மாட்டி, மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரால் கழுவினால் பாழாகிவிடும்.

மொட்டைமாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிப்பதும், 75 வாட் மின்விசிறியை மாற்றி 30 வாட் அளவிலான பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) விசிறி போடுவதும், ஏசியை 24 டிகிரியில் வைப்பதும் பலரும் அறிந்தவை. அவற்றை முடித்தபின் சூரியத் தகடு வையுங்கள். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். உப்புக்காற்றுச் சோதனையான ஐஇசி 61701 சான்று பெற்ற தகடுகளையும், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்த கரை இது என்பதால், தாங்கிச் சட்டத்தைப் புயல்காற்றுக்குக் கணக்கிட்டு அமைக்கச் சொல்வது கட்டாயம்.

பின்சேர்க்கை: கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கும்போது நமக்கு வருவது தூய மின்சாரம்தானே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே உற்பத்தியாவது பொது மின்தொகுப்பில் சேர்கிறது. தென்னகத் தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்துவிட்டது. எனவே கமுதிக்கு அருகில் இருந்தாலும் தேசிய சராசரியையே பயன்படுத்துங்கள். மாடியில் ஏற்கெனவே தகடு வைத்திருப்பவர்கள், மின்வாரியத்திடமிருந்து பெற்ற யூனிட்டை மட்டும் 0.7 ஆல் பெருக்கினால் போதும்.