சத்து ஊசி அல்ல அது: சிறுநீரக நோயாளிகள் ஹார்மோன் மருந்தில் செய்யும் தவறுகள்

கேரள எல்லையில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமிருந்து பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறி டயாலிசிஸ் செய்துவருபவர்கள் பலருடைய பையில் ஈபிஓ ஊசி இருக்கும். அதைச் சத்து ஊசி என்று நினைப்பதுதான் முதல் தவறு.

ஈபிஓ என்பது எரித்ரோபொய்ட்டின், அது ஒரு ஹார்மோன். நல்ல சிறுநீரகம் அதைச் சுரந்து, ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும். சிறுநீரகம் கெட்டால் அது குறைந்து ரத்தசோகை வரும். ஊசி அந்தக் குறையை நிரப்புகிறது, ஆனால் உடம்பில் இரும்புச்சத்து இல்லாவிட்டால் மஜ்ஜை எதை வைத்து வேலை செய்யும்? "ஊசி போட்டும் ரத்தம் ஏறலீங்களே" என்பவர்கள், டோஸைக் கூட்டச் சொல்வதற்கு முன் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

அடுத்தது வெயில். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் பஸ் ஜன்னலோரம் வைத்த பையில் அது பாழாகிவிடும். ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றுங்கள், ஏனென்றால் உறைந்த ஊசியும் வீண்தான். வீட்டில் ஃப்ரீஸருக்குள் வைக்காதீர்கள், குலுக்காதீர்கள்.

"மத்தவங்களுக்கு ஹீமோகுளோபின் 13 இருக்கே, எனக்கு மட்டும் ஏன் 11-ல் நிறுத்துறாங்க?" நியாயமான வருத்தம்தான். ஆனால் 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், 13.5-ஐக் குறிவைத்து மருந்து பெற்ற சிறுநீரக நோயாளிகளுக்கு, 11.3-ஐக் குறிவைத்தவர்களைவிட மரணமும் இதயக் கோளாறும் அதிகமாக இருந்தன. ரத்த அழுத்தமும் ஏறலாம், பிரஷர் பார்க்காமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

எல்லைப் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. இந்தப் பக்கம் ஒரு டாக்டர், அந்தப் பக்கம் ஒரு டாக்டர். கால்சிட்ரியால் என்பது வைட்டமின் டி-யின் ஹார்மோன் வடிவம். இரண்டு ஊர் மருந்துக் கடையிலும் இரண்டு பெயரில் வாங்கி, இரண்டையும் விழுங்குகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் எல்லாம் வரும். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

அப்புறம், சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்கும் நெஃப்ரோட்டிக் நோயுள்ள பிள்ளைகளுக்குத் தரும் ஸ்டீராய்டு. வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிற அம்மாக்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, மாத்திரையால் முகம் உப்பிய பிள்ளையைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பில் உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி மந்தமாகியிருக்கும். திடீரென நிறுத்தினால் பிள்ளை சோர்ந்து விழலாம், வீக்கமும் திரும்பலாம். எப்படிக் குறைப்பது என்பதை டாக்டரிடம் தேதி போட்டு எழுதி வாங்கி, பையிலேயே வைத்திருங்கள்.