கையில இருக்கற கல்லு என்ன கனிமம்? வீட்டுலயே டெஸ்ட் பண்ணி பாக்கலாம்

ஸ்ட்ரீக், ஹார்ட்னஸ், கேங்க், கிரேடுன்னு கனிம, சுரங்க வார்த்தைங்களை வரிசையா மனப்பாடம் பண்ணா மறுநாளே மறந்துரும், அதனால ரெண்டு கல்லை வச்சு செஞ்சே பாத்துருவோம். நான் எடுத்துக்கிட்டது சேலம் கஞ்சமலை பக்கத்து கருப்பு வரிக்கல்லும், வெள்ளைக்கல்லுன்னு சொல்ற மேக்னசைட்டும் (மேக்னீசியம் கனிமம்).

தேவை: பழைய ஸ்பீக்கர் காந்தம் (ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தம் வேஸ்ட்டு), தடிமனான கண்ணாடித் துண்டு, ஒரு லென்ஸ், பழைய பீங்கான் கப். போட்டோ எடுத்தா பேர் சொல்ற ஆப்பை நம்பாதீங்க, கலரை வச்சு கனிமத்துக்கு பேர் சொன்னா பாதி நேரம் தப்பாத்தான் போகும்.

1. கல்லை உடைச்சு உள்பக்கம் பாருங்க. வெயில் மழை பட்ட மேல்தோல்ல எந்த டெஸ்ட்டும் வேலைக்கு ஆகாது. கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கங்க.

2. ஸ்ட்ரீக், அதாவது கனிமத்தோட பொடி கலர். கப்புக்கு அடியில பளபளப்பு இல்லாத வளையம் இருக்கும்ல, அதுல தேய்ங்க. டைல்ஸ் பின்பக்கமும் ஓகே, ஆனா அது செங்கல் கலர்ல இருந்தா குழப்பம்தான். ரெண்டு இரும்புக் கனிமத்தை எடுத்துக்கங்க: மேக்னடைட் கருப்பா கோடு போடும், ஹெமடைட் வெளியில கருப்பா இருந்தாலும் கோடு செம்பழுப்புதான்.

3. ஹார்ட்னஸ், அதாவது கீறலைத் தாங்கற கடினம். 1812ல மோஸ்ங்கற கனிமவியலாளர் போட்ட வரிசை, டால்க் 1, வைரம் 10. நகம் ரெண்டரை, கண்ணாடி அஞ்சரைக்கு பக்கம், குவார்ட்ஸ் 7. கல்லு முனையை கண்ணாடி மேல அழுத்தி இழுங்க. கோடு விழுந்ததும் "ஆஹா கீறிருச்சு"ன்னு முடிவு பண்ணிராதீங்க, மென்மையான கல்லு தானே பொடிஞ்சு அந்த பொடியே கோடு மாதிரி நிக்கும், எல்லாரும் மாட்டற இடம் இதுதான். ஈர விரலால துடைங்க. போயிருச்சுன்னா பொடி. போகலன்னா நகத்தை குறுக்கால ஓட்டுங்க, பள்ளத்துல தட்டுச்சுன்னா நிஜக் கீறல். மேக்னசைட் சுமார் 4, கண்ணாடியை கீறாது.

4. காந்தம். வரிக்கல்லுல கருப்பு வரி மேக்னடைட், காந்தத்தை இழுக்கும். வெள்ளை வரி குவார்ட்ஸ், அசையாது.

இப்போ சுரங்க வார்த்தைங்க ஈஸி. இரும்புக்காக தோண்டறவருக்கு மேக்னடைட்தான் சரக்கு, கூடவே வர்ற குவார்ட்ஸ் கேங்க், அதாவது கழிவு. மொத்தக் கல்லுல இரும்பு எத்தனை சதவீதமோ அது கிரேடு. சுத்தமான மேக்னடைட்ல 72 சதவீதம் இரும்பு, ஆனா வரிக்கல்லோட மொத்த எடையில பாதி கூட இரும்பு தேறாது. தோண்டி வித்தா கட்டுப்படியாகும்னாதான் அதை தாதுன்னு சொல்லுவாங்க, இல்லன்னா வெறும் பாறை.

அப்டேட்: வெள்ளைக்கல்லு கண்ணாடியை கீறுதேன்னு கமெண்ட்ல ரெண்டு பேர் கேட்டீங்க. சேலத்து மேக்னசைட்டுக்குள்ள சிலிக்கா (குவார்ட்ஸ் மாதிரி கடினமானது) நரம்பு ஓடும், அந்த இடம் பட்டிருக்கும், லென்ஸ்ல பாத்து வேற முனையில கீறுங்க.

அப்டேட் 2: வெள்ளைக்கல்லு மேல வினிகர் விட்டா நுரைக்கலன்னு பயப்படாதீங்க. சுண்ணாம்புக்கல்லுல இருக்கற கால்சைட்தான் சட்டுனு நுரைக்கும், மேக்னசைட் குளிர்ந்த ஆசிட்டுக்கே அசையாது. அதுக்காக ஆசிட்டை சூடு பண்ற வேலையெல்லாம் வீட்டுல வேணாம்.